மூன்று தூக்குவாளிகளும் ஒரு மலை ரயிலும்

என்னை மூன்று நாள் ஊரைவிட்டு அனுப்பியது என் கணவர். அலுவலகத்தில் அதைச் சுற்றுலா என்று சொல்லிவைத்தேன். உண்மையில் அது ஒரு பரீட்சை. எழுத வேண்டியவர் அவர். நான் வீட்டில் இருந்தால் எழுத முடியாது என்பதால் நான் வெளியேற வேண்டியிருந்தது.

பதினான்கு மாதங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சு சில வாரங்களில் திரும்பிவிட்டது. கால் ஓரளவு திரும்பியது. கை பாதிகூட இல்லை. இடது கையில் கம்பை ஊன்றி வீட்டுக்குள் நடப்பார். ஒருநாள் நான் பத்திரிகை அலுவலகத்தில் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். நான் வரும்வரை ஈரத் தரையிலேயே கிடந்தார். அதற்குப் பிறகு அவரைத் தனியே விட்டதில்லை. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் துணைக்கு ஒரு அம்மாவை வைத்திருந்தோம்.

எங்கள் மகள் சென்னையில் இருக்கிறாள். தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்து, குளியலறைச் சுவரில் கைப்பிடிகள் பொருத்தி, எங்கள் இருவரையும் வந்துவிடச் சொன்னாள். அவர் மறுத்தார். மாதக்கணக்கில் இந்தப் பேச்சு நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தபோது, அவர்தான் ஒப்பந்தத்தை முன்வைத்தார்.

“வெள்ளிக்கிழமை காலையிலருந்து ஞாயித்துக்கிழமை பொழுது சாயுற வரைக்கும் நான் தனியா இருக்கேன். இருந்துட்டா மெட்ராஸ் பேச்ச விட்டுரணும்.”

“விழுந்துட்டீங்கன்னா?”

“விழுந்துட்டா மறுநாளே பெட்டியக் கட்டுறேன்.”

“அம்மா விடமாட்டாங்கப்பா. மணிக்கு ஒரு தடவ வந்து எட்டிப் பாப்பாங்க.”

“ஒங்கம்மாவ ஊர விட்டே அனுப்பிடுறேன். ஒரு ஆளு எட்டிப் பாத்தாலும் நான் தனியா இருந்தது கணக்குல வராது. போதுமா?”

மகள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். துணைக்கு வரும் அம்மாவுக்கும் அந்த மூன்று நாள் விடுமுறை என்று முடிவாயிற்று.

எங்கே அனுப்புவது என்பதையும் அவரே முடிவு செய்தார். அவர் ரயில்வேயில் சேர்ந்தது நீராவி எஞ்சின் காலத்தின் கடைசியில். மதுரை ஷெட்டில் பயர்மேனாக, மீட்டர் கேஜ் வண்டிகளுக்குக் கரி அள்ளிப் போட்டவர். எங்கள் கல்யாணம் நடந்தபோது டீசலுக்கு மாறிவிட்டிருந்தார். “நான் நெருப்பு மூட்டுன வண்டியில நீ ஒரு தடவகூட ஏறுனதில்ல” என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது எங்கள் பக்கத்தில் நீராவியில் மலையேறும் ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்துதான் போகிறது. ஞாயிறு காலைக்கு அதில் ஒரு டிக்கெட் போட்டார். சனிக்கிழமை சும்மா இருக்கக் கூடாது என்று காரமடைக்கு மேற்கே காட்டுக்குள் பவானி ஆற்றில் பரிசல் சவாரி ஒன்றையும் முன்பதிவு செய்தார். எல்லாவற்றையும் இடது கைக் கட்டைவிரலாலேயே செய்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் உதவிக்குப் போனபோது போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை நான் தவறு செய்தேன்.

எதிர் வீட்டில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பம். அந்த வீட்டு அக்காவுக்கும் எனக்கும் இருபது வருடப் பழக்கம். “அவர் தனியாத்தான் இருப்பாரு. உள்ள போக வேணாம்க்கா, நடமாட்டம் தெரியுதான்னு மட்டும் பாத்துக்கங்க” என்று அவரிடம் சொன்னேன். ஒரு ஆள் சொல்வதை மட்டும் நம்பிச் செய்தி போடக் கூடாது என்பது என் தொழிலில் முதல் பாடம். எனவே தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் பாயிடமும் அதையே சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை, அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வண்டியில் வரும் பால்காரத் தம்பி கேட்டைத் தட்டியபோது அவரிடமும் சொன்னேன். மூன்று பேரிடமும், வேறு யாருக்கும் தெரியாது என்றே சொன்னேன்.

பையோடு படியிறங்கியபோது எதிர் வீட்டு அக்கா வாசலில் நின்றிருந்தார். கிளம்புகிறவரிடம் எங்கே என்று கேட்கக் கூடாது என்பதால், “தூரமா?” என்று கேட்டுக் கண்ணைச் சிமிட்டினார். என் கணவர் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்தாரா இல்லையா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருவிலிருந்து ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். கோயம்புத்தூர் வண்டியில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வாடிப்பட்டி தாண்டும்போது அவருக்குப் போன் செய்தேன்.

“இப்பத்தான வாடிப்பட்டி?” என்றார். “இதுக்கே கூப்பிட்டீன்னா மேட்டுப்பாளையம் போறதுக்குள்ள சார்ஜ் தீந்துரும். வை.”

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காட்டுச் சாலையில் வேன் இரண்டாவது திருப்பத்தைக் கடந்தபோது போனில் சிக்னல் போயிற்று. ஒரு கோடுகூட இல்லை. அணையில் தேங்கிய ஆறு, மலைகளுக்கு நடுவே அசையாமல் கிடந்தது. கரையில் யானைச் சாணம். பக்கத்து மலைக் கிராமத்து ஆட்கள்தான் பரிசல் ஓட்டினார்கள். வந்தவர்கள் எல்லாம் குடும்பமாக வந்திருந்ததால் நாலு பேர், ஐந்து பேர் என்று பரிசல்கள் நிரம்பிப் போய்விட்டன. நான் மட்டும் மிஞ்சினேன்.

“தனியாவா வந்தீங்க?” என்றார் பரிசல்காரர். ஐம்பது வயது இருக்கும்.

“ஆமா.”

“வூட்டுக்காரரு வரலீங்ளா?”

“வீட்டுல இருக்காரு.”

அவர் கரைக்குப் போய், சாக்கில் கட்டிய ஒரு பெரிய கல்லைத் தூக்கிவந்து எனக்குப் பக்கத்தில் வைத்தார். “ஒத்த ஆளுன்னா ஒருபக்கமாச் சாயுமுங்க. இத உங்க வூட்டுக்காரருன்னு நெனச்சுக்குங்க. பேசாம வருவாரு.”

“அவரு பேசாம வர்ற ஆளில்ல” என்றேன்.

பரிசல் வட்டமானது. அதற்கு முன் பக்கமும் இல்லை, பின் பக்கமும் இல்லை. துடுப்பை அவர் ஒரு பக்கமே போட, அது லேசாகச் சுற்றிச் சுற்றி நகர்ந்தது. எதிர்க்கரை முன்னால் வந்தது, பிறகு முதுகுக்குப் போயிற்று. நான் போனை எடுத்துப் பார்த்தேன். சற்று நேரம் கழித்து மீண்டும் பார்த்தேன்.

“அது இங்க எடுக்காதுங்க” என்றார். “சாயங்காலம் வரைக்கும் யாரும் உங்களக் கூப்பிட முடியாது. அதுக்குத்தான எல்லாரும் இங்க வர்றாங்க?”

போனைப் பைக்குள் போட்டேன். தண்ணீர் பச்சையாக இருந்தது. மீன்கொத்தி ஒன்று இரண்டு முறை தண்ணீரில் பாய்ந்து இரண்டு முறையும் வெறும் அலகோடு திரும்பியது. மூன்றாம் முறைக்குக் காத்திருந்தேன். சாக்கில் இருந்த கல்லின் மேல் கை வைத்திருந்தேன் என்பதைக் கரைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். வெயிலில் அது இதமாகச் சூடேறியிருந்தது. பதினான்கு மாதங்களில் முதல் முறையாக அரை மணி நேரம், அவர் என்ன செய்கிறார் என்று நினைக்காமல் இருந்திருக்கிறேன்.

நாலு மணிக்கு வேன் காட்டைவிட்டு வெளியே வந்ததும் போன் உயிர்பெற்றது. பால்காரத் தம்பியிடமிருந்து நாலு அழைப்புகள், ஒரு குரல் பதிவு. பதிவு வந்த நேரம் காலை ஒன்பது பத்து.

“அக்கா, நாந்தான். விடிய ஊத்துன பாலு கேட்டுல அம்புட்டும் அப்படியே கெடக்கு. கதவு பூட்டியிருக்கு. அண்ணே, அண்ணேன்னு ரெண்டு மூணு சத்தம் குடுத்தேன். பதிலே இல்ல. என்ன செய்யன்னு சொல்லுங்க.”

ஏழு மணி நேரத்துக்கு முந்திய செய்தி. என் கணவரைக் கூப்பிட்டேன். முழுதாக ஒலித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அந்த ஈரத் தரையை மட்டும்தான் நினைக்க முடிந்தது. தையல் கடை பாயைக் கூப்பிட்டபோது எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன்.

“என்னக்கா, இப்படி மூச்சு வாங்குது? அண்ணேயா? காலையில இங்கதான இருந்தாரு!”

“இங்கன்னா?”

“நம்ம கடையிலக்கா. எங்க வீட்டுத் தூக்குவாளியத் திருப்பிக் குடுக்க வந்தாரு. நேத்துப் பொழுதுசாய வீட்டுல தேங்காச் சோறும் தால்சாவும் செஞ்சாங்க, கொண்டுபோய்க் குடுத்தேன். அதக் கழுவி, துண்டுல முடிஞ்சு தோள்ல மாட்டிக்கிட்டு, கம்ப ஊண்டிக்கிட்டு வந்து நிக்கிறாரு. நான் மிஷின விட்டு எந்திரிச்சு நாற்காலியப் போட்டேன்.”

“நான் பாக்கத்தான சொன்னேன்? சோறு யாரு குடுக்கச் சொன்னா?”

“வெறுங்கையோட எப்படிக்கா போய்ப் பாக்குறது? நல்லாவா இருக்கும்?”

அவர் தொடர்ந்தார்.

“வாளிய வெறுமனே குடுக்கல, கேட்டுக்கங்க. பக்கத்துக் கடையில பழம் வாங்கி உள்ள போட்டுத்தான் குடுத்தாரு. டீ குடிச்சாரு. என்னோட கட்டிங்கப் பாத்து கிண்டல் பண்ணாரு. திரும்பிப் போகும்போது மனசு கேக்காம பின்னாடியே போனேன். பாதித் தெருவுல திரும்பிப் பாத்து, ‘கடையப் பாருப்பா, எவனாச்சும் துணியத் தூக்கிட்டுப் போயிருவான்’னுட்டாரு.”

“இப்ப போனை எடுக்கலையே?”

“எதிர் வீட்டுல கேளுங்கக்கா.”

எதிர் வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். போனைக் காதில் வைத்தபடியே அவர் தெருவைக் கடந்தது கேட்டது. நடுவில் மருமகளிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஜன்னல் வழியா தெரியுது. வாயத் தெறந்துக்கிட்டுத் தூங்குறாரு. குறட்டை ஒனக்குக் கேக்குதா? போன ஜன்னல்கிட்ட வைக்கவா?”

“நீங்களும் ஏதாச்சும் குடுத்தீங்களா?”

“புளியோதரை கொஞ்சம் குடுத்தேன். கொஞ்சம்தான்” என்றார்.

எங்கள் தெருவில், சாப்பாடு வந்த பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பித் தருவதில்லை. வேறு எதுவும் இல்லையென்றால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத் தர வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலையை எப்போதும் செய்பவள் நான். அவர் அதைக் கவனித்திருக்கிறார் என்றே எனக்குத் தெரியாது. நான் ஞாயிற்றுக்கிழமை வருவேன், நானே கொடுத்துக்கொள்வேன் என்று அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. எங்கள் படியிலிருந்து தையல் கடைக்கு நடுவே பதினாலு வீடுகள் இருக்கின்றன. பதினான்கு மாதங்களாக அவர் கேட்டைத் தாண்டியதில்லை, மருத்துவமனைக்குக் காரில் போனதைத் தவிர.

ஆனால் மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒரு ஆள் எட்டிப் பார்த்தாலும் கணக்கில் வராது என்று அவரே சொல்லியிருந்தார். பரீட்சையைக் கெடுத்தது நான்.

மாலை மேட்டுப்பாளையம் விடுதியிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தார்.

“பரிசல் எப்படி?”

“நல்லா இருந்துச்சு. சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்.”

“என்ன சாப்பிட்டீங்க?”

“சோறு.”

வேலையில் இருந்திருந்தால் இன்னும் மூன்று கேள்விகள் கேட்டிருப்பேன். கேட்கவில்லை. அவரும், “யாருகிட்டயாச்சும் பேசுனியா?” என்று கேட்டார். பரிசல்காரரிடம் பேசினேன் என்றேன். “நாளைக்கு எஞ்சின் பக்கம் இருக்குற பெட்டியில ஏறு” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மலை ரயிலை எஞ்சின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. என் இடம் கடைசிப் பெட்டியில் இருந்தது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்குகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வும்போது பெட்டி ஒரு முறை குலுங்கி, பிறகு ஒரே சீராக ஏறியது. நடக்கிற வேகம்தான். புகை, ஈரம், சூடான எண்ணெய் வாசனை. எதிரில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவருடைய பழைய சீருடைகள் இருந்த பெட்டியை முதன்முதலாகத் திறந்தபோது வந்த வாசனைக்கும் இதற்கும் கொஞ்சம் உறவு இருந்தது.

பாதி மலையில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றது. எல்லோரும் இறங்கி டீக்கடைக்கும் குரங்குகளுக்கும் போனார்கள். நான் எஞ்சினிடம் போனேன். சிக்னல் ஒரு கோடு காட்டியது. அவரைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனை எஞ்சினை நோக்கி நீட்டினேன். ஒரு நிமிடம் கழித்துக் காதில் வைத்தேன்.

“தண்ணி எடுக்குறான்” என்றார். “ஆனா இது கரி இல்ல. எண்ணெய். நெருப்பு உறுமுறதப் பாரு, ஒரே சுதியில உறுமுது.”

எஞ்சினிலிருந்து இளைஞர் ஒருவர் எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் எண்ணெய். நான் விஷயத்தைச் சொன்னேன்: வீட்டுக்காரர் மதுரை ஷெட்டில் பயர்மேனாக இருந்தவர், இப்போது போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார். கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டார். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டேன்.

“வணக்கமுங்ணா. கரி எஞ்சினுங்ளா நீங்க?”

“ஆமாப்பா. எண்ணெய் எஞ்சினுக்கு எதுக்கு பயர்மேன்? வீட்டுல கேஸ் அடுப்புப் பத்த வைக்கிற மாதிரி தான?”

“வந்து ஒரு நாள் இங்க நின்னு பாருங்ணா. புருவம் கருகிப் போயிரும்.”

“நான் புருவமே இல்லாம ஒரு வருசம் திரிஞ்சிருக்கேன். என் கல்யாணத்துக்கு முந்தி. அதான் பொண்ணு குடுத்தாங்க, எவனோ பாவம்னு.”

இருவரும் சிரித்தார்கள். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு வெகு நாளாயிற்று. இளைஞர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார்.

“ஆவி தூக்கிருச்சு” என்றார் என் கணவர். “ஏறிக்க. இப்ப ஊதுவான்.”

நான் பெட்டிப் படியில் கால் வைத்தபோது எஞ்சின் ஊதியது. மலை அதைத் திருப்பி ஊதியது. “கேட்டுச்சா?” என்றேன். “வை, வை” என்றார். “அடுப்புல ஒல கொதிக்குது.” முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத வாக்கியம் அது.

குன்னூரில் ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட் வாங்கினேன். பேருந்து மாறி மாறி, ஆரப்பாளையத்தில் இறங்கியபோது தெரு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கதவைத் திறந்தவர் அவர்தான். முகத்தை அவரே மழித்திருந்தார். இடது காதுக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு. சமையலறையில் ஒரு தூக்குவாளி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

“பால்காரன் சீம்பால் கொண்டாந்தான்” என்றார். “மாடு கன்னு போட்டுச்சாம். அவன் வாளியில வெல்லத்தப் போட்டு நேத்தே குடுத்துட்டேன். நீ கெளம்புறப்ப எதிர் வீட்டம்மா கண்ணடிச்சாங்கள்ல, அப்பவே தெரியும்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். போன் அடித்தது. மகள்.

“அப்பா, விழுந்தீங்களா?”

“இல்ல.”

“யாராச்சும் வந்தாங்களா?”

அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இல்லை என்ற ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். அதை அவர் சொல்லமாட்டார் என்று தெரிந்தது. நான் உண்மையைச் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“நான் சொல்றேன்” என்றேன். “மூணு பேர் வந்தாங்க. மூணு பேரையும் பாக்கச் சொன்னது நான். அப்பா யாரையும் கூப்பிடல.”

“அப்ப கணக்குல வராதுல்ல?”

“வராது. மீதியையும் கேட்டுக்க. மூணு பேரும் தூக்குவாளியோட வந்தாங்க. ஒண்ணத் திருப்பிக் குடுக்க அப்பா தெருமுனை வரைக்கும் நடந்தாரு. பழம் வாங்கி உள்ள போட்டுக் குடுத்தாரு. திரும்பியும் நடந்தே வந்தாரு.”

“படி?” என்றாள்.

“நாலு படி. எறங்கினாரு, ஏறினாரு.”

“யாரும் பிடிக்கலையா?”

“பாய் பின்னாடி வந்தாராம். திட்டித் திருப்பி அனுப்பிட்டாரு.”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு குரல் மாறியது. “அப்பா, என்ன பழம் வாங்குனீங்க?”

“நாட்டுப்பழம்.”

“பாய் வீட்டு அத்தைக்குப் பச்சப்பழம்தான் பிடிக்கும். அதுகூடத் தெரியாதா?”

“அடுத்த தடவ வாங்குறேன்.”

“சரி” என்றாள். பிறகு, “உங்களுக்கு ஒழிச்ச ரூம்ல எங்க வீட்டுக்காரரு தன்னோட எக்சர்சைஸ் சைக்கிள வெச்சுக்கிறேங்கிறாரு. வெச்சுக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் வந்தா எடுத்துக்கலாம்” என்றாள்.

அவர் போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். சமையலறைக்குப் போய் அந்தக் கடைசித் தூக்குவாளியை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினார். எதிர் வீட்டுப் புளியோதரை வந்த வாளி.

“இதுக்குப் போட வீட்டுல ஒண்ணுமில்ல. நீ மலையிலருந்து ஏதாச்சும் கொண்டாருவேன்னு வெச்சிருந்தேன்.”

வர்க்கியைப் பிரித்து வாளியில் போட்டு மூடினேன். அதைத் துண்டில் முடிந்து அவர் தோளில் மாட்டிவிட்டேன். முடிச்சைத் தளர்த்தி, அவர் தானே ஒரு கையால் சரிசெய்துகொண்டார்.

அவர் படியிறங்கினார். கம்பு, இடது கால், பிறகு இழுத்துக்கொண்டு வலது கால். ஒவ்வொரு படிக்கும் நின்றார். மூன்றாவது படியில் என் கை நீண்டது. அதைப் பின்னுக்கு இழுத்துக் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஆட்டோவுக்கு வழிவிட்டு நின்றார். பிறகு தெருவைக் கடக்கத் தொடங்கினார். எதிர் வீட்டு அக்கா உள்ளிருந்து, “யாரு?” என்று கேட்பது கேட்டது.

நான் வீட்டுக்குள் போய், அடுப்பில் அவர் வடித்து வைத்திருந்த சோற்றைத் திறந்து பார்த்தேன். கொஞ்சம் குழைந்திருந்தது. இரண்டு தட்டு எடுத்து வைத்தேன்.